நடந்துகொண்டே கணக்கு: முதியோர் குழுவுக்கு டூயல் டாஸ்க் பயிற்சியை எப்படித் தொடங்குவது?

வெள்ளவத்தை_காலைக்குழு

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தள மண்டபத்தில் 12 முதியவர்களுக்குக் கிழமையில் 3 நாள், 45 நிமிட உடற்பயிற்சி நடக்கிறது. வயது 62 முதல் 78 வரை. மண்டபம் 9 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் டைல்ஸ் தரை. கதிரையிலிருந்து எழுந்து இருத்தல், குதி தூக்குதல், கோட்டில் நடத்தல் எல்லாம் ஓரளவு நன்றாகப் போகிறது. இனி டூயல் டாஸ்க், அதாவது உடம்போடு சேர்த்து மூளைக்கும் வேலை கொடுக்கும் இரட்டை வேலைப் பகுதியைத் தொடங்க வேண்டும்.

நடந்துகொண்டே 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லும்படி இரண்டு கிழமை கொடுத்தேன். ஆட்கள் மூன்று விதமாகப் பிரிந்துவிட்டார்கள். சிலர் அடுத்த எண்ணை யோசிக்கும்போது அப்படியே நின்றுவிடுகிறார்கள். சிலர் எண்ணுவதைக் கைவிட்டு நடையை மட்டும் தொடர்கிறார்கள். இரண்டு பேர் எண்ணைப் பிழையில்லாமல் சொல்கிறார்கள், ஆனால் காலடி குறுகிப்போய்ச் செருப்பு தரையில் உரசுகிறது.

இந்த மூன்றில் எது கவலைக்குரியது? தொடங்குமுன் எதை அளக்க வேண்டும்? கணக்கென்றாலே பதறுபவர்களுக்கு வேறு என்ன கொடுக்கலாம்? குழுவில் ஒருவருக்குப் பார்க்கின்சன், ஒருவருக்குப் பாரிசவாதத்துக்கு (பக்கவாதம்) பிறகு இடது பக்கம் சற்றுப் பலவீனம், நால்வருக்கு நீரிழிவு. எல்லோரும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

---

பிசியோ_தெகிவளை

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மூன்று விதமாகப் பிரிகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களே, அதுதான் இந்தப் பயிற்சியின் சாரம். எண் சரியா பிழையா என்பது இரண்டாவது. வேலை கூடும்போது ஆள் எதைக் கைவிடுகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எண்ணை விட்டுவிட்டு நடப்பவர்கள் பாதுகாப்பானவர்கள். உடம்பின் சமநிலைக்கு முதலிடம் கொடுக்கிறார்கள். எண் பிசகாமல் கால் உரசுகிறதே, அந்த இருவரைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுவேன். கவனம் முழுவதும் எண்ணுக்குப் போய்விட்டது, கால் தூக்குவதற்கு மிச்சமில்லை. வீட்டில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு கால்மிதியைக் கடக்கும்போது தடுக்குப்படுவது இப்படித்தான்.

நின்றுவிடுபவர்கள் நடுவில். 1997இல் லான்செற் மருத்துவச் சஞ்சிகையில் சுவீடனிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு இதைப் பற்றியது. பராமரிப்பில் இருந்த 58 முதியவர்களோடு நடந்துகொண்டே கதை கொடுத்தார்கள். கதைப்பதற்காக 12 பேர் நின்றார்கள். அடுத்த 6 மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். அவர்கள் உங்கள் குழுவை விடப் பலவீனமானவர்கள், ஆகவே அந்த விகிதத்தை அப்படியே இங்கே பொருத்த வேண்டாம். ஆனாலும் நிற்பதைச் சின்ன விஷயமாக எடுக்காமல், பெயருக்கு எதிரே குறித்து வையுங்கள்.

அளப்பதற்கு வருவோம். பலர் விடும் பிழை, இரண்டையும் சேர்த்து மட்டும் அளப்பது. தனித்தனியாக அளக்காவிட்டால் எது குறைந்தது என்று சொல்ல ஏலாது. உங்கள் 9 மீற்றர் மண்டபத்தில் 7 மீற்றருக்கு இரண்டு கோடு போடுங்கள். இரு முனையிலும் திரும்ப 1 மீற்றர் மிஞ்சும். முதலில் 60 செக்கன் வெறும் நடை, எத்தனை நீளம் நடந்தார் என்று குறியுங்கள். பிறகு கதிரையில் இருக்கவைத்து 60 செக்கன் எண் குறைத்தல், சரியான விடைகளை மட்டும் எண்ணுங்கள். கடைசியாக இரண்டும் சேர்த்து 60 செக்கன். மூன்றுக்கும் ஒரே நேரம் என்பதால் மேலதிகக் கணக்கு வேண்டாம்.

உதாரணமாக ஒருவர் தனியே 8 நீளம் நடக்கிறார், சேர்த்துச் செய்யும்போது ஆறரை. குறைந்தது ஒன்றரை, அதை எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 19 சதவீதம். இருந்தபடி 20 விடை, நடக்கும்போது 15 என்றால் 25 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆள் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தெரியும். நடையில் 5, எண்ணில் 40 என்பவரும், நடையில் 40, எண்ணில் 5 என்பவரும் ஒரே பயிற்சிக்கு உரியவர்கள் அல்ல.

கதிரையிலிருந்து எழுந்து 3 மீற்றர் போய்த் திரும்பி வந்து இருக்கும் பரிசோதனையையும் ஒருக்காச் செய்யுங்கள். இருக்கை உயரம் 46 சென்ரிமீற்றர் அளவில், கைப்பிடியோடு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கதிரை என்றால் டைல்ஸில் பின்னால் வழுக்கும், சுவரோடு முட்டி வையுங்கள். ஒரு தரம் பழக்கம், அடுத்த தரம் நேரம். தனியே 13.5 செக்கன், எண் குறைத்துக்கொண்டு 15 செக்கன் என்ற எல்லைகள் அடிக்கடி சொல்லப்படும். 2000இல் 30 பேரை வைத்துச் செய்த ஆய்வில் வந்த எண்கள் அவை. எல்லையைத் தாண்டினால் கிட்ட ஒருவர் நிற்க வேண்டும் என்று எடுங்கள், நோய் என்று முத்திரை குத்த வேண்டாம்.

இன்னொன்று. எப்போதும் 100இலிருந்து தொடங்காதீர்கள். 97, 94, 91, 88 என்பது நாலாம் நாள் வாய்ப்பாடாகிவிடும், யோசனை இருக்காது. 86, 113, 74 என்று மாற்றுங்கள்.

---

சொல்லும்_அடியும்

கணக்குக்குப் பதறுபவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன்.

மனப்பாடமாக இருப்பது எதுவும் சுமை அல்ல. தேவாரம் சொல்லிக்கொண்டு நடப்பது, ஒன்று இரண்டு மூன்று என்று முன்னோக்கி எண்ணுவது எல்லாம் நல்ல சூடேற்றல். ஆனால் அவற்றை இரட்டை வேலையாகக் கணக்கிடக் கூடாது. அடிக்கு ஓர் எண் என்று சொன்னால் அந்தத் தாளமே நடையைச் சீராக்கிவிடும், "எனக்கு ஒன்றும் குறையவில்லை" என்ற பொய்யான படம் வரும். அடிக்கும் சொல்லுக்கும் தாளம் ஒட்டாத வேலையைத் தேடுங்கள்.

கொழும்பு ஆட்களுக்கு ரயில் ஸ்டேஷன் வரிசை மிக நன்றாக வேலை செய்யும். கோட்டை, செயலக நிறுத்தம், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை. இதைக் கோட்டையிலிருந்து சொன்னால் சுலபம். கல்கிசையிலிருந்து பின்னோக்கிச் சொன்னால் யோசிக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று பின்னோக்கி என்றால் இன்னும் பாரம்: கல்கிசை, வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி, செயலக நிறுத்தம். பள்ளிக்கூடக் கணக்கில் பயந்தவரும் இதில் பயப்பட மாட்டார்.

அடுத்தது மொழி மாற்றுதல். ஓர் எண் தமிழில், அடுத்தது சிங்களத்தில்: ஒன்று, தெக்க, மூன்று, ஹதர, ஐந்து, ஹய, ஏழு, அட்ட. இரண்டு மொழியும் நன்றாக வருபவருக்கே இது கடினம், ஏனென்றால் வாயில் முன்னால் வந்து நிற்கும் சொல்லை அடக்கி மற்றதை எடுக்க வேண்டும். அடக்குவதற்கு உழைக்கும் அதே முன்மூளைப் பகுதிதான் நடையை மேற்பார்வை செய்யவும் உழைக்கிறது. 20 வரை போய்விட்டுப் பின்னோக்கி வரச் சொல்லுங்கள். சிங்களம் ஓடாதவருக்கு இதைக் கொடுக்க வேண்டாம், வெட்கப்பட்டு அடுத்த நாள் வராமல் விடுவார்.

எதிர்ச்சொல் அடி: "வலது" என்றால் இடது காலை வைக்க வேண்டும், "முன்" என்றால் பின்னால். இது சுவரோடு நின்று, ஒரு கை கதிரைச் சாய்மானத்தில் இருக்கும்போது மட்டும். பின்னால் வைக்கும் அடியில்தான் ஆட்கள் விழுவார்கள்.

வழி சொல்லுதலும் உண்டு. வீட்டு வாசலிலிருந்து சந்தை வரை எங்கே இடது, எங்கே வலது என்று நடந்துகொண்டே சொல்ல வேண்டும். மனக்கண்ணில் ஒரு படத்தை வைத்திருப்பதால் கண்ணால் தரையைப் பார்ப்பது குறையும். ஆகவே இதைக் கடைசிக் கிழமைகளுக்கு வையுங்கள்.

எழுத்துச் சொற்கள்: "க"வில் தொடங்கும் சொற்களை 60 செக்கனில் சொல்லுதல். முதல் 15 செக்கன் கொட்டும், பிறகு வரட்சி. அந்த வரட்சியில்தான் கால் நிற்கும், கவனியுங்கள். மரக்கறி, மீன் வகை, தெருப்பெயர் என்று வகை கொடுத்தால் சற்றுச் சுலபம்.

---

தாளம்_பம்பலப்பிட்டி

தாளத்தோடு செய்யும் பக்கத்தைச் சேர்க்கிறேன். ஜப்பானின் தேசிய முதுமை மருத்துவ நிலையம் உருவாக்கிய கொக்னிசைஸ் என்ற முறையில் அடி வைத்துக்கொண்டே எண்ணி, மூன்றின் மடங்கு வரும்போது கை தட்டுவார்கள். நமக்கு அதைக் கற்பிக்க வெளியே போக வேண்டியதில்லை. திஸ்ரமும் சதுஸ்ரமும், அதாவது மூன்று எண்ணிக்கைத் தாளமும் நாலு எண்ணிக்கைத் தாளமும் தெரிந்த யாரும் நாளைக்கே தொடங்கலாம்.

கால் நாலு, கை மூன்று. 12 அடி கொண்ட ஒரு சுற்று. ஒவ்வொரு அடியும் இருந்த இடத்திலேயே, வலம் இடம் மாறி. நாலின் தொடக்கமான 1, 5, 9இல் குதியைச் சற்று அழுத்தி வைக்க வேண்டும். மூன்றின் தொடக்கமான 1, 4, 7, 10இல் கை தட்ட வேண்டும். இரண்டும் 1இல் மட்டும் சந்திக்கும், பிறகு அடுத்த சுற்றின் 1இல்தான்.

கற்பிக்கும் வரிசை முக்கியம். முதல் நாள் கதிரையில் இருந்தபடி கை மட்டும்: தகிட தகிட தகிட தகிட. அடுத்து கால் மட்டும்: தகதிமி தகதிமி தகதிமி. மூன்றாம் நாள் பாதிப் பேர் தகிட தட்ட, மற்றப் பாதிப் பேர் தகதிமி அடிக்கட்டும். இரண்டும் மோதும் சத்தம் காதுக்குப் பழக வேண்டும். அதற்குப் பிறகே ஒரே ஆள் இரண்டையும் இருந்தபடி செய்வது. நின்று செய்வது அடுத்த கிழமை. நடந்து செய்வது எல்லோருக்கும் வராது, வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

எங்கே பிழைக்கும் என்றால், 5ஆம் அடியில். கை 4இல் தட்டிவிட்டது, கால் 5இல் அழுத்துகிறது. கை அந்தக் காலோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தரம் தட்டும். அந்த இடத்தில் நிறுத்தித் திருத்தாதீர்கள். 12 முடியட்டும், அடுத்த 1இல் திரும்பச் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். விட்ட தாளத்தைப் பிடித்துச் சேர்வதே நல்ல பயிற்சி. ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தினால் அந்தப் பகுதி பழகப்படாமலே போய்விடும்.

வேகம் நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்குங்கள், 80க்குக் கொண்டு போகலாம். "கஷ்டமாக இருக்கிறது, மெதுவாகச் செய்வோம்" என்று 40க்கு இறக்கினால் மனதுக்குச் சுலபம், உடம்புக்குக் கஷ்டம். ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கூடிவிடும், ஆள் ஆடுவார். டைல்ஸில் ஓங்கி மிதிக்க விடாதீர்கள், முழங்காலும் எலும்பும் தாங்காது. அழுத்தம் என்றால் குதியைத் தெளிவாக வைப்பது, சத்தம் அல்ல.

இசையோடு நடை என்பதற்குக் கையில் ஒரு நல்ல சான்றும் உண்டு. ஜெனீவாவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, பியானோ வாசிப்புக்கு ஏற்ப நடையை மாற்றும் டால்குரோஸ் வகுப்பு கிழமைக்கு ஒரு தரம், 6 மாதம் நடந்தது. 2011இல் முடிவு வெளியானது. வகுப்புக்குப் போனவர்களிடையே விழுதல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வாசிப்பவர் முன்னறிவிப்பில்லாமல் வேகத்தை மாற்றுவார், நடப்பவர் கேட்டுக்கொண்டே மாற வேண்டும். உங்களிடம் மிருதங்கம் வாசிக்கும் ஒருவர் இருந்தால் இதே வேலையை அவர் செய்யலாம். பதிவு செய்த பாட்டு அவ்வளவு உதவாது, மூன்றாம் நாள் எங்கே மாறும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு சின்னக் குறிப்பு: நம்மிடையே அட்டாவதானம், சதாவதானம் என்று, எட்டு அல்லது நூறு விஷயங்களில் கவனம் வைத்துக் காட்டும் ஒரு மரபு இருந்தது. புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி என்றே அறியப்பட்டவர். அவதானி நூறு வேலையையும் ஒரே கணத்தில் செய்வதில்லை. ஒன்றை நினைவில் பிடித்து வைத்துவிட்டு மற்றதற்குப் போய், பிசகாமல் திரும்பி வருகிறார். உங்கள் குழு பழக வேண்டியதும் இந்தப் போய்வரும் திறமையைத்தான். "எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யுங்கள்" என்று சொல்லும்போது ஆட்கள் இறுகிவிடுவார்கள். "எண்ணைப் பிடித்து வையுங்கள், காலைப் பாருங்கள், திரும்ப எண்ணுக்கு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

---

நரம்பு_மறுவாழ்வு

நோய் உள்ளவர்களைப் பற்றி. இதைத் தனியாகப் பார்க்காவிட்டால் நல்ல பயிற்சியும் ஆபத்தாகும்.

பார்க்கின்சன்: சாதாரணமாக நடை தானாக ஓடுவதற்கு உதவும் ஆழ்மூளைப் பகுதிதான் இந்த நோயில் தளர்கிறது. ஆகவே அவர் ஒவ்வொரு அடியையும் கவனத்தால் ஓட்டுகிறார். அந்தக் கவனத்தை எண்ணுக்குக் கொடுத்தால் அடி சுருங்கும், கால் தரையோடு ஒட்டிவிடும். அதிலும் பலர் தங்களையறியாமல் எண்ணுக்கே முதலிடம் கொடுப்பார்கள். அவருக்குக் கட்டளை தெளிவாக இருக்கட்டும்: "முதலில் பெரிய அடி, பிறகுதான் எண். எண் பிழைத்தாலும் பரவாயில்லை." பார்க்கின்சனுக்கான லெவோடோபா குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்துக்குள் பயிற்சியை முடியுங்கள், அந்த நேரம் எது என்று அவருக்கே தெரியும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அகலமாக அரைவட்டம் போட்டுத் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்திலும் வாசற்படியிலும் எண்ணை நிறுத்தச் சொல்லுங்கள். கால் ஒட்டினால் பின்னாலிருந்து தள்ளவோ இழுக்கவோ கூடாது. முழுவதும் நின்று, பாரத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாற்றி, பிறகு ஒரு பெரிய அடி.

பாரிசவாதம்: உதவியாளர் இடது பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். தண்ணீர்க் குவளை போன்ற கைப்பொருளை ஆரம்பத்தில் கொடுக்க வேண்டாம். இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டின் வலப்பக்கத்தையே பிடித்து நடந்தால், இடது கதவுநிலையில் தோள் முட்டினால், அப்படியிருக்கலாம். அவருக்குச் சுவரில் படம் பார்த்துச் சொல்லும் வேலை கொடுக்காதீர்கள். பேச்சுத் தடுமாற்றம் உள்ளவருக்குச் சொல் வேலை தண்டனையாகிவிடும், நிறம் பார்த்துக் கை தூக்குவது போன்றவை நல்லது.

நீரிழிவு உள்ள நால்வரும்: பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் அவர்கள் கண்ணால்தான் நடக்கிறார்கள், தரையைப் பார்த்துப் பார்த்து. சுவரில் எழுதியதை வாசிக்கச் சொன்னால் அந்தக் கண்ணைப் பறித்துவிடுகிறீர்கள். அவர்களுக்குக் காதால் கேட்கும் வேலை மட்டும். மாறாக, செவிப்புலன் குறைந்தவருக்கு உங்கள் குரலைப் பிடிப்பதே ஒரு வேலை, மூன்றாவது சுமை ஏற்றுகிறீர்கள் என்று நினைவில் வையுங்கள். இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவருக்குக் கீழ்ப்பகுதி வழியாகத் தரைக்கோடு மங்கலாகத் தெரியும். தூரப்பார்வைக் கண்ணாடி தனியாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு வரட்டும்.

வெறும் காலோடு மண்டபத்தில் செய்வது நம் வழக்கம். கொழும்புப் புழுக்கத்தில் 20 நிமிடத்தில் பாதம் வியர்த்து டைல்ஸ் வழுக்கும், காலுறை அதைவிட மோசம். உணர்வு குறைந்த பாதத்துக்கு வெறும் தரை காயத்தையும் தரும். பின்வார் உள்ள, அடி மெல்லிய ரப்பர்ச் செருப்பு அல்லது சப்பாத்து. பின்வார் இல்லாத ரப்பர்ச் செருப்பு வேண்டவே வேண்டாம், உங்கள் இருவருக்கு உரசுகிறதே, அதில் செருப்பின் பங்கு எவ்வளவு என்பதைச் சப்பாத்தோடு ஒரு தரம் நடக்கவைத்துப் பாருங்கள்.

நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, திடீர்க் குழப்பம், நாக்குழறல் என்றால் பயிற்சி அத்தோடு முடிந்தது, எண் சரியா என்று பார்க்கும் நேரமல்ல.

---

வெள்ளவத்தை_காலைக்குழு

எல்லோருக்கும் மிக்க நன்றி. செருப்பை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கேள்வி மிச்சம். தரையில் கட்டம் போட்டு அடி வரிசை பழகும் முறையைச் சிலர் சொல்கிறார்கள், அதை எங்கள் டைல்ஸில் எப்படிப் போடுவது? 45 நிமிடத்தில் இதற்கு எவ்வளவு ஒதுக்குவது, எப்போது கடினமாக்குவது? எனக்கு உதவிக்கு இருவர் இருக்கிறார்கள்.

---

பிசியோ_தெகிவளை

நீங்கள் சொல்வது ஜப்பானில் உருவான சதுர அடிப் பயிற்சி. மூல அளவு 100க்கு 250 சென்ரிமீற்றர், 25 சென்ரிமீற்றர்ச் சதுரம், அகலத்தில் 4, நீளத்தில் 10, மொத்தம் 40. உங்கள் டைல்ஸ் 30 என்பதால் ஒட்டவே தேவையில்லை, டைல்ஸ் கோடே கட்டம். நாலு டைல்ஸ் அகலம், பத்து டைல்ஸ் நீளம், வெளி எல்லையை மட்டும் ஒட்டுங்கள். அதற்கு 8.4 மீற்றர் மாஸ்கிங் டேப் போதும். எல்லாக் கோட்டையும் மூல அளவில் ஒட்டப் போனால் 23.5 மீற்றர் வேண்டும். தரையில் வைக்கும் கயிற்று ஏணி முதியவர்களுக்கு வேண்டாம், கால் விரலில் சிக்கும். ஈரப்பதத்தில் டேப்பின் ஓரம் கிளம்பும், ஒவ்வொரு காலையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வகுப்பு முடிந்ததும் உரித்துவிட்டால் பசை ஒட்டாது.

அடி வரிசையை நீங்கள் ஒரு தரம் செய்து காட்டுங்கள், அவர் பார்த்து நினைவில் வைத்துத் திரும்பச் செய்யட்டும். கோட்டை மிதிக்கக் கூடாது. முதல் வரிசை 2 அடி, பிறகு 4, பிறகு பக்க அடி கலந்த 6. வரிசையை நினைவில் வைப்பதே இங்கே மூளைக்கான வேலை, அதற்கு மேல் எண் சொல்லச் சொன்னால் ஆரம்பத்திலேயே முறிந்துவிடும்.

நேரம்: 8 நிமிடம் சூடேற்றல், 15 நிமிடம் பலப் பயிற்சி, 15 நிமிடம் இரட்டை வேலை, மிச்சம் ஆறவிடுதல். இரட்டை வேலை சுவையாக இருப்பதால் அது பலப் பயிற்சியைத் தின்றுவிடும், விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியைக் கிழமையில் 3 நாளாவது கேட்கிறது. தொடையில் பலமில்லாதவருக்குக் கவனத்தை மட்டும் கூர்மையாக்கிப் பயனில்லை.

பன்னிரண்டு பேரையும் இரட்டையராக்குங்கள், ஒருவர் நடக்க ஒருவர் குறிப்பெடுக்கட்டும். ஒரு நேரத்தில் 3 பேர் மட்டும் நடையில், ஒவ்வொருவருக்கும் இடையே ஒன்றரை மீற்றர். நீங்கள் மூவரும் ஆளுக்கொருவர். மற்றவர்கள் கதிரையில் தாள வேலை செய்யலாம்.

ஒரு நடை 3 நிமிடம். முதல் நிமிடம் "காலைப் பாருங்கள், எண் பிழைத்தால் பரவாயில்லை". இரண்டாம் நிமிடம் "எண்ணைப் பாருங்கள், மெதுவாக நடக்கலாம்". மூன்றாம் நிமிடம் இரண்டும் சமமாக. கவனத்தை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லும் இந்த முறை, எப்போதும் இரண்டையும் சமமாகச் செய் என்பதை விட நன்றாகப் பலன் தருவதாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பார்க்கின்சன் உள்ளவருக்கு மட்டும் இரண்டாம் நிமிடத்தை விடுங்கள். கால் உரசும் இருவருக்கும் முதல் 2 கிழமை முதல் நிமிடக் கட்டளை மட்டும்.

கடினமாக்குவது எப்போது? பத்து விடையில் ஏழெட்டு சரியாக இருந்து, நடையும் தனி நடைக்குக் கிட்ட வந்தால். பத்தும் சரி என்றால் வேலை சுலபம், ஐந்துக்குக் கீழே போனால் அவர் பயிற்சி செய்யவில்லை, திணறுகிறார். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றுங்கள். எண் கடினமானால் நடை பழைய நேர்நடை. நடை கடினமானால், அதாவது குதி விரலோடு ஒட்டிய கோட்டு நடை, தடை தாண்டல், எண் பழையது. இரண்டையும் ஒரே நாளில் ஏற்றினால் எது முறித்தது என்று தெரியாது.

---

நரம்பு_மறுவாழ்வு

ஒன்றில் மேலே உள்ளவரோடு சற்று வேறுபடுகிறேன். 15 செக்கன் எல்லையைத் தாண்டியவர்களையும் நின்றுவிடுபவர்களையும் முதல் கிழமையிலேயே நடையில் விட வேண்டாம். கதிரையில் இருந்தபடி மாறி மாறி முழங்கால் உயர்த்தி எண் சொல்லட்டும், பிறகு கதிரைச் சாய்மானத்தைப் பிடித்து நின்ற இடத்தில், பிறகுதான் நடை. ஒவ்வொரு படிக்கும் 3 வகுப்பு.

---

பிசியோ_தெகிவளை

சரி, அது பாதுகாப்பான வரிசை. அவர்களுக்கு அப்படியே செய்யுங்கள்.

---

சொல்லும்_அடியும்

6 கிழமை முடிவில் திரும்ப அளக்கும்போது ஒரு விஷயம். மூன்றால் குறைத்தலையே பழக்கி, அதிலேயே அளந்தால் எல்லோரும் முன்னேறியதாகத் தெரியும். அவர்கள் குறைப்பதில் கெட்டிக்காரர் ஆகியிருப்பார்கள், அவ்வளவுதான். பழக்காத ஒரு வேலையை அளவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். உதாரணமாக, மாதங்களைத் தையிலிருந்து பின்னோக்கிச் சொல்லுதல். முதல் நாள் அளந்துவிட்டு, இடையில் யாருக்கும் அதைக் கொடுக்காமல், கடைசி நாள் திரும்ப அளந்து பாருங்கள். அதிலும் நடை முன்னேறியிருந்தால்தான் வெளியே உதவும்.

வெளி வாழ்க்கைக்குக் கிட்டிய வேலைகளை நாலாம் கிழமையிலிருந்து சேருங்கள். 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரமான ஆடாத படி ஒன்று, கையில் சில்லறை. பஸ்ஸில் ஏறுவது போல ஒரு கையால் பிடித்து ஏறி நின்று, மிச்சக்காசு சரியா என்று எண்ண வேண்டும். ஏறும்போது எண்ணக் கூடாது, ஏறி நின்ற பிறகு எண்ண வேண்டும். எதைத் தள்ளிப்போடுவது என்ற முடிவும் பழக்கத்தில் வர வேண்டும். ஐந்து சாமான் கொண்ட சிட்டையைச் சொல்லிவிட்டு, இரண்டு சுற்று நடந்து வந்து ஒப்பிக்கச் சொல்லலாம். சொப்பிங் பையில் ஒரு கிலோ அரிசியோடு நடக்கலாம், பை ஒரே கையில் இருந்தால் உடம்பு சாயும், பாதி வழியில் கை மாற்றட்டும்.

மண்டபத்தில் நன்றாக வந்தவர்களை விகாரமாதேவி பூங்கா போன்ற வாகனம் வராத இடத்துக்குக் கூட்டிப் போகலாம். வாகனம் ஓடும் காலி வீதியிலோ மரைன் டிரைவிலோ இந்தப் பயிற்சியை யாரும் செய்யக் கூடாது. அங்கே ஒரே விதி, கடவையில் கால் வைக்கும் முன் கதையை நிறுத்துவது. அந்த நிறுத்தத்தையும் மண்டபத்தில் பழக்குங்கள்: தரையில் ஒரு மஞ்சள் டேப், அதன் முன் வந்ததும் சொல்லிக்கொண்டிருக்கும் எண்ணை மனதில் வைத்து வாயை மூடி, இரு பக்கமும் பார்த்து, கடந்த பிறகு விட்ட எண்ணிலிருந்து தொடர வேண்டும்.

---

வெள்ளவத்தை_காலைக்குழு

மஞ்சள் டேப்பை நாளைக் காலையே ஒட்டுகிறேன். ஒதுக்கி வைக்கும் வேலையாக மாதங்களையே எடுக்கிறேன். திங்கள் அளந்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு சதவீதத்தையும் எழுதிவிட்டு, கால் உரசும் இருவரின் எண்களை இங்கே போடுகிறேன். சப்பாத்தோடு ஒன்று, செருப்போடு ஒன்று.